மூன்றாவது முடிச்சு

— சேலை நல்லாத்தான் இருக்கு சௌந்தரு. இது உன் கல்யாணத்துக்கு வர்றதுக்கா, வராம இருக்குறதுக்கா?

— அம்மா குடுத்து விட்டுச்சு அக்கா.

— திருச்சுழியில பஸ்ஸ விட்டு எறங்கி, இந்த வேகாத வெயில்ல எங்க ஊனமுற்றோர் இல்லம் வரைக்கும் நடந்து வந்திருக்க. வெறும் சேலை குடுக்கவா? சொல்லுலே.

— நீ இங்கயே இருந்துக்கோ. மூணாவது முடிச்ச சித்தி மக போடட்டும்னு அம்மா சொல்லுது.

— கூடப்பொறந்தவ நான் உசுரோட இருக்கேன். நாத்தனார் முடிச்சு சித்தி மக போடுவாளா?

— உன்னைத் தூக்கி எறக்கணும். கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். உனக்குத்தான் செரமம்.

— சர்புன்னிசாக்கா கூட வாறேன்னுட்டாக. இங்க தெனமும் என்னைக் குளிப்பாட்டி விடுறவுக அவுகதான். ஆட்டோவுல என் சக்கர வண்டிய மடக்கி வைக்கவும் தெரியும். செரமத்த விடு, நெசத்தச் சொல்லு.

— தெரிஞ்சுக்கிட்டே கேக்குற.

— உன் வாயால வரட்டும்.

— என் மொதக் கல்யாணத்துல மாரீஸ்வரிக்கு நீதான் முடிச்சு போட்ட. ஒரு வருசம் தாண்டல, போயிட்டா. உன் கைக்கு ராசியில்லேன்னு பேச்சு.

— ஊர்ப் பேச்சா, அம்மா பேச்சா?

— அம்மா.

— நீ?

— நான் ஒண்ணும் பேசல.

— அதுதான்லே உன் சீக்கு. அவளுக்கு மேலு அனலாக் கொதிச்சப்ப, தடிப்பப் பாத்துட்டு அம்மை இறங்கியிருக்கு, ஆஸ்பத்திரி வாடையே ஆகாதுன்னு அம்மா வாசல்ல வேப்பிலையச் சொருகுச்சு. தூக்கிட்டுப் போடான்னு போன்ல கத்துனேன். அம்மா திட்டும்ன. கடைசியில டவுனு ஆஸ்பத்திரியில டெங்குன்னாக, லேட்டுன்னாக. காலேஜ் படிச்சவன் நீ. இப்பச் சொல்லு, இந்தக் கையா அவளக் கொன்னுச்சு?

— போதும் அக்கா.

— எனக்குப் போதாது. கோணக் கைதான். அன்னைக்கு முடிச்சு விழவே இல்ல, மேளக்காரரு கொட்டிக்கிட்டே இருந்தாரு. சித்தி பொறுக்கமாட்டாம கைய நீட்டுச்சு. மாரீஸ்வரி தடுத்துட்டா. கழுத்தச் சாச்சுக் குடுத்து, மெதுவாப் போடுங்க மதினி, எனக்கென்ன அவசரம்னா. என்கிட்ட அப்படி யாரும் சொன்னதில்ல.

— நான் கையெழுத்துப் போட்டாத்தான உன்னை இங்கருந்து வெளிய விடுவாக?

— அந்தச் சட்டம் மலையேறிடுச்சு. முப்பது தாண்டுனவ கடைக்குப் போகவும் தம்பி கையெழுத்தான்னு நாங்க எல்லாரும் தட்டக் கவுத்துட்டுச் சாப்பிடாம உக்காந்துட்டோம். கண்ணு தெரியாத காசிராஜன் அண்ணே சோத்து வாசத்துக்கே மயங்குறவரு, அவரும் உக்காந்தாரு. சாயங்காலமே வார்டனம்மா எறங்கி வந்துட்டாக. இப்ப எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாப் போதும்.

— மண்டபத்துல வந்து சண்டை வளத்தா பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாக? தேவிபிரியாவுக்கு எதுவும் தெரியாது.

— அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?

— காய்ச்சல்ல செத்துட்டான்னு.

— அது அவளுக்குப் பத்தல. போன வாரம் காரியாபட்டியிலருந்து ஒத்தையா என்னைப் பாக்க வந்தா. மூத்தவ எப்படிச் செத்தா, மறைக்காமச் சொல்லுங்கன்னா. சொல்லிட்டேன்.

— எல்லாமா?

— வேப்பிலை, உன் வாயடைப்பு, எல்லாந்தான்.

— அப்ப கல்யாணம் நின்னுபோச்சு.

— நிறுத்திருவான்னுதான் நானும் நெனச்சேன். அழுதா. தண்ணி வாங்கிக் குடிச்சா. அப்புறம், அவரு அவுகம்மா மூஞ்சியப் பாத்து ஒருக்காவாச்சும் பேசுவாரான்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்.

— வெளிய என்ன ஆட்டோ சத்தம்?

— நீ இன்னைக்கு வாறன்னதும் அவளையும் வரச் சொன்னேன். தேவிபிரியாதான் வந்திருக்கா. என் வண்டியத் தள்ளு, மூணு பேருமா வீட்டுக்குப் போறோம். மாரீஸ்வரி எதுனால செத்தான்னு அம்மாகிட்ட அவ முன்னால நீ சொல்லு. அதக் கேட்டுட்டுத்தான் கழுத்த நீட்டுறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாளாம்.