வெள்ளி விரல்

சீலா (தனக்குள்): தட்டட்டும். திறக்கமாட்டன். பதில் சொல்லவேணுமெண்டால் வாய்க்குள்ள இருந்து விரலை எடுக்கவேணும். இண்டைக்கு எடுக்கிற எண்ணமில்லை.

இன்பமலர்: எடி சீலா! பள்ளிக்கூடத்தால வந்த கையோட கதவைப் பூட்டிக்கொண்டு என்ன செய்யிறாய்? அம்மா கூப்பிடுறது கேக்கேலையோ?

றீற்றா: விடு அக்கா. வாய்க்குள்ள விரல் இருக்கும். பிறகு எப்பிடிக் கதைக்கிறது?

சீலா: ஓம் சின்னம்மா, இருந்தது! இந்தா, கதவும் திறந்தாச்சு. ரெண்டு பேரும் வடிவாப் பாருங்கோ.

றீற்றா: சும்மா பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை...

சீலா: வகுப்பிலயும் பகிடிதான். நான் உள்ளுக்குப் போக, எல்லாரும் பெருவிரலை வாய்க்குள்ள வச்சுக்கொண்டு எழும்பி நிண்டவை. ரீச்சருக்கு எழும்புற மாதிரி.

இன்பமலர்: ஆர்... ஆர் அவையளுக்குச் சொன்னது?

சீலா: நீங்கள்தான்.

இன்பமலர்: நானோ?

சீலா: ஞானசேகரத்தாரின்ர பட்டறையில வெள்ளி விரல் செய்யக் குடுத்தனீங்களோ, இல்லையோ?

இன்பமலர்: அது நேர்த்தியடி, அந்தோனியாருக்கு. கால் சுகமானால் வெள்ளிக் கால், கண் சுகமானால் வெள்ளிக் கண்... எல்லாரும் குடுக்கிறதுதானே.

சீலா: எனக்கு இன்னும் சுகமாகேலை!

றீற்றா: அதைத்தான் நானும் கேட்டனான். சுகமாக முன்னமே என்ன காணிக்கை அக்கா?

இன்பமலர்: காணிக்கையை முதலே வாங்கிப்போட்டால் அந்தோனியாருக்கும் செய்யாமல் இருக்க ஏலாது.

சீலா: சிரிக்காதேங்கோ சின்னம்மா! ஞானசேகரத்தாரின்ர மகள் குணேஸ்வரி வகுப்பில எனக்குப் பக்கத்து வாங்கில இருக்கிறாள். பதினஞ்சு வயசுக் குமர் விரல் சூப்புறாள் எண்டு தட்டாரிட்டைச் சொல்லவேணுமோ?

இன்பமலர்: அவர் அளவு கேட்டவர். குழந்தையின்ர விரலோ, பெரிய ஆக்களின்ர விரலோ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது...

சீலா: வேப்பெண்ணெய் பூசினியள், பேசாமல் இருந்தனான். துணி சுத்திக் கட்டினியள், அதுக்கும் பேசாமல் இருந்தனான். நானும் விடத்தானே பாக்கிறன்? படுக்கேக்க கையைத் தலகணிக்குக் கீழ வச்சுத்தான் படுக்கிறன். விடிய எழும்பினால் வாய்க்குள்ள நிக்குது. நான் என்ன செய்ய?

இன்பமலர்: அதுக்குத்தானே சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை அந்தோனியார் திருநாள். வெள்ளி விரலைத் தட்டில வச்சு நீயே பீடத்தடிக்குக் கொண்டு போ. சுவாமியாருக்கும் சொல்லியாச்சு.

சீலா: பாலையூற்றில இருந்தும் சனம் வந்து நிக்கும். எல்லாரும் பாக்க... நானோ?

இன்பமலர்: வெக்கப்பட்டால்தான் விடும். இது எங்கயிருந்து உனக்கு வந்துதோ! என்ர வளர்ப்பில பிழையில்லை. துறைமுகத்தடியில நேவித்துரை வீட்டில அவையின்ர பிள்ளையை வளர்த்தனான். ஒரு நாள் விரல் சூப்ப விட்டிருப்பனோ? துரைசாணி என்னை மெச்சாத நாளில்லை.

சீலா: அப்ப நான் எங்க இருந்தனான்?

இன்பமலர்: எப்ப?

சீலா: நீங்கள் அந்தப் பிள்ளையை இடுப்பில வச்சிருக்கேக்க.

இன்பமலர்: நீ... குசினியில. சமைக்கிற மேசைக்குக் கீழ. உன்ர அப்பா செத்த கையோட போன வேலை. உன்னை விட்டுட்டுப் போக ஒரு இடமில்லை.

சீலா: துரைசாணிக்குத் தெரியுமோ?

இன்பமலர்: தெரிஞ்சால் அண்டைக்கே போ எண்டிருப்பா.

சீலா: நான் அழுதது அவவுக்கு ஒரு நாளும் கேக்கேலையோ?

இன்பமலர்: நீ... சத்தம் போடாத பிள்ளை.

றீற்றா: அக்கா, இனியாவது சொல்லன்...

இன்பமலர்: நீ வாயைப் பொத்தடி! சீலா, பழங்கதை என்னத்துக்கு? உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். இந்த ஒருக்கால். நீ தட்டைப் பிடிச்சுக்கொண்டு நட, நான் பின்னால வாறன்.

சீலா: ஏலாதம்மா. அந்த வீட்டில சமைச்ச ஆமினா உம்மாவைப் போன பெருநாளுக்குக் கண்டனான். நான் அழ அழ, நீங்கள்தானாம் என்ர விரலைப் பிடிச்சு வாய்க்குள்ள வச்சு, "சூப்பு ராசாத்தி, துரைசாணி வாறா, சூப்பு" எண்டு சொன்னனீங்கள். நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேலை. இண்டைக்கு வகுப்பில கூடச் சொல்லேலை. இனியும் சொல்லமாட்டன். தட்டை மட்டும் என்னட்டைத் தராதேங்கோ.