நான் தானாகக் கற்றவன் அல்லன்

அவைக்குத் தலைமை ஏற்று, அளவுக்கு மீறி என்னைப் புகழ்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே! இந்தப் பயிற்சி நிலையத்தின் முதல்வர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் வீற்றிருக்கும் மூத்தோரே! பிள்ளைகளின் சான்றிதழைத் தாங்களே வாங்குவதுபோல் பூரித்து வந்திருக்கும் தாய்மார்களே! ஆறு மாதம் திரையோடு மல்லுக்கட்டி, இன்று வெற்றி பெற்று நிற்கும் இளம் நண்பர்களே! அனைவருக்கும் தலை தாழ்த்தி வணங்குகிறேன். மரியாதைக்காக மட்டும் தாழ்த்தவில்லை, நிமிர்த்த முடியாமலும்தான்.

அழைப்பிதழில் என் படத்துக்குக் கீழே, "தானே கற்றார், தானே உயர்ந்தார்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். தலைவரும் அதையே சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் என் கன்னத்தில் விழுந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்த வாய்ப்பு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் யார்? நிரல் எழுதத் தெரிந்தும் நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளாதவன். எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் ஒரே நிபந்தனை: அந்தப் பெரிய வணிக மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். வாங்குவது, விற்பது, இருப்பு வைப்பது, அனுப்புவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போடும் மென்பொருள். எனக்கோ அதில் வாசல் எது, சன்னல் எது என்றே தெரியாது. ஒரு ஆர்டர் போட ஒன்பது திரை. ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால் சிவப்பு எழுத்தில் ஏசும். வீடியோ பார்த்தேன், விளங்கவில்லை. விளக்கப் புத்தகம் படித்தேன், தூக்கம் வந்தது.

அந்த மென்பொருளைப் பதினோரு ஆண்டுகளாகத் தினமும் கையாண்ட ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் அக்கா. ஒரு சரக்குக் கிடங்கில், லாரியில் வரும் பெட்டிகளைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் வேலை. பட்டம் இல்லை, பதவி இல்லை, படாடோபம் இல்லை. மாலையில் வந்ததும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், சமையலறை மேசையில் எனக்குச் சொல்லித்தர என் பக்கத்தில் வந்து உட்காருவார்.

ஒருநாள் கேட்டார்: "நூறு பெட்டிக்கு ஆர்டர் போட்டிருக்கு. வந்தது தொண்ணூத்தாறு. என்னடா பண்ணுவ?"

"இது என்ன பெரிய விஷயம்க்கா? ஆர்டரையே தொண்ணூத்தாறுன்னு மாத்திடுவேன். ரெண்டு பக்கமும் சரியாயிடும்ல?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப மிச்ச நாலு பெட்டிய யாரு கொண்டுவருவா? உன் மாமனாரா?"

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை, தாய்மார்களே!

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆர்டர்ல கை வைக்காத. வந்தத வந்துச்சுன்னு போடு. வராதத வரலன்னு விடு. நாலு பாக்கி, நாலு பாக்கின்னு அது கத்திட்டே கெடக்கட்டும். நீ அழகா மாத்தி வச்சிட்டா, அந்த நாலையும் கேக்க ஆளே இருக்காது."

நண்பர்களே, எங்கள் இனத்துக்கே உரிய பிழை இது. நிரல் எழுதுகிறவன், திரை சுத்தமாக இருந்தால் போதும், உலகமே சுத்தமாகிவிட்டதென்று நினைத்துக்கொள்வான். அந்தப் பிழையை எனக்கு எடுத்துக் காட்டியது எந்தப் புத்தகம்? எந்த வீடியோ? எந்தப் பேராசிரியர்?

நேர்காணலுக்குப் போனேன். அங்கே இதே மேலாளர் இதே கேள்வியைத்தான் கேட்டார். ஐயா, உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். மாமனார் நகைச்சுவையைக்கூட விடவில்லை. நேர்காணல் நடத்திய மூன்று பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "பிரமாதம்! யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? அக்கா. அவ்வளவுதானே? பேசத் தொடங்கும் குழந்தைகூடச் சொல்லிவிடுமே! கிடங்கு வாசலில் பெட்டி சரிபார்க்கிறவரிடம் படித்தேன் என்றால் என்னை மட்டமாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டேன்.

"நானா கத்துக்கிட்டேன் சார்."

வேலை கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட, வீட்டோடு புதைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. ஓராண்டு கழித்து அக்காவின் கிடங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு வேலை போயிற்று. அதே சமயம் எங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானது. நாங்கள் எழுதுவதைப் பயன்படுத்துகிறவர் கண்ணோடு சோதித்துப் பார்த்து, இது சரி, இது தவறு என்று சொல்ல ஒருவர் வேண்டும். அக்காவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை! விண்ணப்பித்தார். நேர்காணல் அறையில் குறிப்பெழுத நாலாவது நாற்காலியில் நான்.

அதே கேள்வி. அக்கா அதே பதில் சொன்னார், அதே மாமனாரோடு.

மேலாளர் சிரித்தார். "இது நம்ம தம்பி சொன்னதாச்சே! வீட்லயே நல்லா தயார் பண்ணி அனுப்பிட்டாரு போல!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். எனக்கு வாய் இல்லையா? நாக்கு இல்லையா? இன்று மேடை மேடையாகப் பேசுகிற இந்தக் குரல் அன்று எங்கே போயிற்று? குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு நொடி பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஆமா சார். தம்பிதான் சொல்லிக்குடுத்தான்."

அவர் வெளியே போனதும், "மனப்பாடம் செய்த பதில், சொந்தத் திறமை போதாது" என்று எழுதச் சொன்னார்கள். என் கையால் எழுதினேன் ஐயா. இந்தக் கையால். எழுத்துப் பிழையில்லாமல், அழகாக எழுதினேன்.

மறுநாள் அக்கா என்ன கேட்டார் தெரியுமா? ஏண்டா வாய் தெறக்கல என்றா? இல்லை. "நேத்து உன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிஞ்சிருந்துச்சு. யாரும் சொல்லலியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இன்று ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி மடித்து வைக்கிறார்.

ஏன் இத்தனை அமைதி? நான் முன்பே சொன்னேன், சிரிப்பு கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று.

இளம் நண்பர்களே! தெரியாததைத் தெரியாது என்பது வெட்கமில்லை. எளியவரிடம் கற்பது வெட்கமில்லை. சமையலறை மேசையில் கற்பது வெட்கமே இல்லை. கற்பித்தவரை மறைத்தேனே, அது வெட்கம். மறைத்ததற்கு மாலை மரியாதை வாங்கினேனே, அது வெட்கம். என் பொய்யைக் காப்பாற்ற அவரைப் பொய் சொல்ல விட்டேனே, அதைவிட வெட்கம் எனக்கு இனி வரப்போவதில்லை!

அக்கா ஏழாவது வரிசையில் இருக்கிறார். பேசாதே, பேசாதே என்று கையைக் காட்டுகிறார். இல்லைக்கா, அன்று பேசாமல் இருந்தது போதும். எழுந்து போகாதே, உட்கார். பக்கத்தில் இருக்கும் அம்மா, கொஞ்சம் அவர் கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.

தலைவர் அவர்களே! அந்தக் குறிப்பு பொய். எழுதியவன் நான். என்னை வேலையில் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தத் தாளை மட்டும் கிழித்துவிடுங்கள்.

பேச இடம் தந்த நிலையத்தாருக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. அக்காவுக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்லி இறங்குகிறேன்.

யாரிடம் கற்றேன்? என் அக்காவிடம். வணக்கம்.