வாசலுக்கு வெளியே போன தொட்டில்

தோழிகளே, எங்கள் நூலக மாணவியர் குழு ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துப் பலர் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள், தெரியும். அதற்கு வருவதற்கு முன்னால் ஒரு குட்டிக் கதை சொல்லிவிடுகிறேன். மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

எங்கள் நகரில் ஒரு வழக்கம் உண்டு. வீடு மாறிப் போகிறவர்கள் பழைய சாமான்களைத் தங்கள் வீட்டு முன்புறத்திலேயே பரப்பி விற்றுவிட்டுப் போகலாம். ஆனால் அதற்கு நலச்சங்கம் விதிகள் வைத்திருக்கிறது. பெரிய பலகையே மாட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பயன்படுத்திய பொருளை மட்டும்தான் விற்கலாம். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது. அப்புறம்... எந்தப் பொருளும் கேட்டுக்கு வெளியே வரக் கூடாது.

எங்கள் எதிர்வீட்டுப் பூங்கோதை அக்காவுக்கு நாசிக்குக்கு மாற்றலாகிவிட்டது. சங்கச் செயலாளர் ஞானசேகரன் சாரிடம் அனுமதி கேட்கப் போனார்.

"உள்ளே இடமே பத்தாது சார். கொஞ்சம் கேட்டுக்கு வெளியே வெச்சா என்ன?"

"கூடாதும்மா. ரூல்."

"ஏன் சார் அப்படி ஒரு ரூல்?"

"ஏன்னு கேட்டா அப்புறம் அது எப்படிம்மா ரூல்?"

சிரிக்கிறீர்கள்... பூங்கோதை அக்கா சிரிக்கவில்லை.

விற்பனைக்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் போகி. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கூட்டம் வரும் என்று நினைத்தார். வந்தது! மிக்ஸி, நாற்காலி, மீன் தொட்டி எல்லாம் வேகமாகப் போயின. நான் புத்தகப் பெட்டியை விட்டு நகரவே இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்தச் சாமான்களுக்கு நடுவே ஒரு மரத் தொட்டில். அது மட்டும் விற்பனைக்கு இல்லை. பக்கத்து வீட்டு நிலோஃபர் அக்காவுக்கு நிறைமாதம். "உங்க ரெண்டு பிள்ளைங்களும் தூங்கின தொட்டில்க்கா. என் பிள்ளையும் அதுலதான் தூங்கணும். எனக்கு எடுத்து வெச்சிருங்க" என்று கேட்டிருந்தார். பூங்கோதை அக்காவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் எதைக் கேட்டார்கள்? தொட்டிலைத்தான்!

"இது என்ன விலைங்க?"

"இது விக்கிறதுக்கு இல்லீங்க."

"அப்ப எதுக்கு இங்க வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்துவிட்டது. விற்கிற பொருள் உள்ளே இருக்கட்டும், விற்காத பொருள் வெளியே இருக்கட்டும் என்று தொட்டிலைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே, மதிலோரமாக வைத்தார். நியாயமாகத்தானே படுகிறது?

கொஞ்ச நேரத்தில் நிலோஃபர் அக்கா வந்தார். "தொட்டில் எங்கக்கா?"

"வெளிய சுவரோரமா இருக்கு பாரு."

"வெளிய ஒண்ணுமே இல்லையே..."

ஓடிப் பார்த்தோம். இல்லை. திருட்டா? திருட்டே இல்லை! அன்றைக்கு என்ன நாள்? போகி. 'பழைய பொருளை எரித்துப் புகை கிளப்பாதீர்கள், வாசலில் வையுங்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று மாநகராட்சியில் குப்பை லாரி அனுப்பியிருந்தார்கள். போகியன்று ஒரு வீட்டுக்கு வெளியே பழைய பொருள் இருந்தால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்று அர்த்தம்! கேட்டுக்கு உள்ளே இருந்தவரை அது தொட்டில். ஓரடி வெளியே வந்ததும்... குப்பை.

நிலோஃபர் அக்கா வயிற்றில் கையை வைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். பூங்கோதை அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க ஞானசேகரன் சார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர்... ஸ்கூட்டரைத் திருப்பினார்!

நாங்களும் பின்னாலேயே ஓடினோம். லாரி தெருமுனையில் நின்றிருந்தது. கிழிந்த மெத்தைகள், பாய்கள், அவற்றின் உச்சியில் ராஜா மாதிரி நம்முடைய தொட்டில்!

"தம்பி, தம்பி! அந்தத் தொட்டிலை இறக்குப்பா!"

"என்னா சார், போகியும் அதுவுமா வாசல்ல போட்டுட்டு, இப்ப வந்து கேக்குறீங்க?"

"தப்பு எங்களோடதுதான்பா. அதுல படுக்க ஆள் வருது. இறக்கு."

லாரிக்காரர் சிரித்துக்கொண்டே இறக்கிக் கொடுத்தார். ஸ்கூட்டரில் தொட்டில் ஏறவில்லை. சார் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, தொட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் கேள்வி. "என்ன சார், வீட்ல விசேஷமா?" "ஆமாய்யா, பேர் வைக்கிற அன்னைக்கு வந்துரு!"

பூங்கோதை அக்கா, "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் சார்" என்றார்.

சார் தொட்டிலை அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். "கூடாதுன்னு சொன்னேன். ஏன் கூடாதுன்னு நான் சொல்லலையேம்மா. முன்ன ஒரு போகிக்கு என் சைக்கிளே இப்படித்தான் போச்சு. அப்புறம் எழுதினதுதான் இந்த ரூலு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!"

"சொந்த சைக்கிளைக் குப்பை லாரிக்குக் கொடுத்தவன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சும்மா!"

படியில் உட்கார்ந்திருந்த நிலோஃபர் அக்கா அப்போது சிரித்தார் பாருங்கள்... தெருவே சிரித்தது.

பொங்கல் முடிந்து நான் பலகையைப் போய்ப் பார்த்தேன். அந்த விதிக்குக் கீழே புதுப் பெயின்டில் ஒரு வரி: 'வைத்தால் குப்பை என்று எடுத்துப் போய்விடுவார்கள். செயலாளரின் சைக்கிள் அப்படித்தான் போனது.'

தோழிகளே, எங்கள் நூலக அறிவிப்பிலும் அந்த இரண்டாவது வரி இல்லை. 'படித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் வைக்கக் கூடாது' என்று எழுதினோம். ஏன் என்று எழுதவில்லை. இப்போது சொல்கிறேன். தவறான தட்டில் செருகிய புத்தகம் நூலகத்துக்குள்ளேயேதான் இருக்கும்... ஆனால் யாருக்கும் கிடைக்காது. வரலாற்று வரிசையில் ஒளிந்திருக்கும் வேதியியல் புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தைய நாள் யார் தேடிக் கண்டுபிடிப்பது? ஒரு விதி உங்களுக்குப் புரியவில்லையா? ஏன் என்று தைரியமாகக் கேளுங்கள். விதி போடுகிற நாங்களோ, நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நாளைக்கு அறிவிப்பில் காரணமும் இருக்கும்.

நிலோஃபர் அக்காவுக்குப் பெண் குழந்தை. நேற்று மாலை எட்டிப் பார்த்தேன். அந்தத் தொட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள். அதன் இடத்தில் நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.