பின்மூலையும் வலையோரமும்

ஷட்டில் கற்றுக்கொள்ள வருகிற பெரியவர்கள் முதல் நாள் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பேட்டைத் தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது. பேட்டோடு கை குலுக்க வேண்டும், அவ்வளவுதான். தாண்டவராயனுக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கே அவருக்கு அது கைவந்துவிட்டது. சொன்னதைக் கேட்கிற ஆள். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டர் சார்.

என் பெயர் பாண்டுரங்கன், வயது நாற்பத்திரண்டு. திண்டிவனத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ்மில்லின் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பதினோரு வருடமாக ஷட்டில் ஆடுகிறோம். விடிந்ததும் ஆரம்பித்து ஏழு மணிக்குள் முடித்துவிடுவோம். காற்று எழுந்துவிட்டால் இறகுப் பந்து சொன்ன இடத்தில் விழாது. நான், வெங்கடாசலம், முத்துசாமி மூவரும் நிரந்தரம். நான்காவது ஆள் மாறிக்கொண்டே இருப்பார். எண்பத்தைந்து நவம்பரில் நான்காவதாக வந்தவர் தாண்டவராயன்.

அவர் கல்வி அலுவலகத்தில் எழுத்தர். குடும்பம் விழுப்புரத்தில். மாற்றலாகி வந்து இங்கே ஒரு அறையில் தங்கியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் பாசஞ்சரில் ஊருக்குப் போவார். என் கடைக்கு முதலில் அவர் வந்தது, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரைக்காக. விழுப்புரம் டாக்டர் எழுதிய சீட்டு.

"டாக்டரு ஓடக்கூடாதுன்றாரு. சும்மா ஒக்காந்துக்கினும் இருக்கக்கூடாதுன்றாரு. நான் என்னாதாங்க பண்றது?" என்று சிரித்தார்.

"காலையில எங்க கோர்ட்டுக்கு வாங்க. ரெண்டு ரெண்டு பேரா ஆடுறோம். நீங்க முன்னால நின்னா போதும். ஓடுற வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அது பொய்யில்லை. இரட்டையர் ஆட்டத்தில் புதியவரை வலையோரம் நிறுத்திவிடலாம். பின்னால் போகிற பந்தைக் கூட்டாளி பார்த்துக்கொள்வார். இரண்டு மாதம் நான்தான் அவருக்குக் கூட்டாளி. ஒரு பந்தைக்கூட அவரைத் துரத்த விடவில்லை. சர்வீஸ் போடும்போது பந்தை விட்டெறியாமல் விரலிலிருந்து நழுவவிட வேண்டும் என்பது, வலையோரம் பேட்டை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொள்வது, ஒவ்வொரு அடிக்கும் பிறகு நடுவுக்குத் திரும்பிவிடுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நடுவுக்குத் திரும்புவதுதான் பலருக்கும் வராது. அடித்த இடத்திலேயே நின்று தன் அடியை ரசித்துக்கொண்டிருப்பார்கள். தாண்டவராயன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

ஆட வந்ததும் சட்டையைக் கழற்றி வலைக் கம்பத்தில் மாட்டிவிட்டு பனியனோடு ஆடுவார். மாத்திரைச் சீசா சட்டைப் பையில் இருக்கும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டம் முடிந்து சில நாள் என் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டுப் போவார். என் மனைவி கிருஷ்ணவேணி அவரோடு நன்றாகப் பேசுவாள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தலைவலி என்று பதினொன்றரைக்கே வீட்டுக்குப் போனேன். கழுவிய டம்ளர் இரண்டு கவிழ்த்து வைத்திருந்தது.

"யாரு வந்தது?"

"பக்கத்து ஊட்டு முனியம்மா" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

முனியம்மாள் காபி, டீ எதுவும் தொடமாட்டாள். அது தெருவுக்கே தெரியும். ஆனாலும் நான் வாதாடவில்லை. மறுவாரம் அவள் நடுவிரலில் மைக்கறை இருந்தது. எங்கள் வீட்டில் பேனா பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். அதற்கும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பொறுமைசாலி என்று கடையில் எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் விசாரிக்கலாம்.

பிறகு ஒருநாள் கோர்ட்டில் தாண்டவராயனே சொன்னார்: "வீட்டுல அவுங்க டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவங்களாமே. சும்மா ஊட்ல கெடக்க வேண்டியவங்களாங்க?"

கிருஷ்ணவேணி பயிற்சி முடித்தவள்தான். கல்யாணம் ஆனதும் வேலை வேண்டாம் என்று நான் சொன்னேன், அவளும் அதோடு விட்டுவிட்டாள். பதினைந்து வருடமாக அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. என்னிடம் பேசாததை இவரிடம் எப்போது பேசினாள்? அன்றைக்கு நான் ஒரு ஸ்மாஷை வலையில் அடித்தேன். வழக்கமாக நான் அப்படி அடிப்பதில்லை.

தனி ஆட்டம் வேறு மாதிரி, சார். அதில் பலமாக அடிப்பவன் ஜெயிப்பதில்லை. எதிராளியின் பின்மூலைக்கு, அதுவும் அவன் இடது கைப் பக்கம், உயரமாக ஒரு டாஸ். அவன் பின்னால் ஓடித் திரும்ப அடித்ததும் எதிர்ப்பக்க வலையோரம் மெதுவாக ஒரு ட்ராப். அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ஏறக்குறைய இருபத்தெட்டு அடி. மறுபடி டாஸ், மறுபடி ட்ராப். அவன் தவறு செய்கிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் தந்திரமே இதுதான்.

ஜனவரி அமாவாசைக்கு வெங்கடாசலமும் முத்துசாமியும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போனார்கள். ராத்திரி அங்கே தங்கினால் மறுநாள் காலை கோர்ட்டுக்கு வரமுடியாது. அது எனக்குத் தெரியும். முந்தின நாளே தாண்டவராயனிடம், "நாளைக்கி நாம ரெண்டு பேருதான். சிங்கிள்ஸ் கத்துக்குடுக்கறேன், வந்துடுங்க" என்றேன்.

"எனக்குத் தாங்குமாங்க?" என்றார்.

"மெதுவாத்தான் ஆடப்போறோம்" என்றேன்.

அன்று நல்ல பனி. குளிரில் அந்த வியாதிக்காரர்களுக்கு நெஞ்சு சீக்கிரம் இறுகும். கடையில் நானே பலருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அவர் சட்டையைக் கம்பத்தில் மாட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார். கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் பின்பக்கம் போன நேரத்தில் அந்தச் சட்டையை மடித்து என் பையில், துண்டுக்கு அடியில் வைத்தேன். பனியில் நனைந்துவிடும் என்று நினைத்ததாக, பிறகு வந்து கேட்ட என் மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அதைச் சொல்லப்போவதில்லை.

பாயிண்ட் சர்வீஸ் போடுகிறவருக்குத்தான் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கை மாறும், எண்ணிக்கை ஏறாது. பதினைந்து பாயிண்ட்டை நான் பத்து நிமிஷத்தில் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவரை ஓடவிட்டு, கடைசி அடியை நானே வலையில் போட்டு சர்வீஸை அவரிடம் கொடுத்தேன். அடுத்ததில் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆறுக்கு நான்கு என்ற கணக்கிலேயே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆடினோம். தான் நன்றாக ஆடுவதாக அவர் நினைத்துக்கொண்டார். "பரவால்லீங்களே, உங்களையே சர்வீஸ் மாத்த வெச்சிட்டேனே" என்றுகூடச் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ட்ராப். இரண்டையும் எடுத்தார். எடுத்துவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தார். அந்தப் பக்கக் கம்பத்தையும் பார்த்தார்.

"சட்டை... பாண்டு சார், என் சட்டை எங்க?"

எனக்குத் தெளிவாகக் கேட்டது. பந்து என் கையில் இருந்தது.

"இந்த சர்வீஸ் முடியட்டுங்க. எடுத்துத் தரேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் சொல்லிக்கொடுத்தபடி நடுவுக்குத் திரும்பி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பேட்டைத் தூக்கி நின்றார். நான் பின்மூலைக்கு உயரமாக சர்வீஸ் போட்டேன். அவர் அதன் பின்னால் போனார். பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. அவர் கோட்டுக்கு வெளியே விழுந்தார்.

அப்போது மணி ஆறு நாற்பது. மில் வாட்ச்மேனை நான் கூப்பிட்டது ஏழு மணிக்கு. இடையில் வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். எப்போதும் ஆட்டம் முடிந்ததும் செய்கிற வேலை.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். விழுப்புரத்திலிருந்து அவர் மனைவி ராஜாமணி அம்மாள் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி ரெண்டு மாசம் அவுரு சந்தோஷமா இருந்தாருங்க. ஊருக்கு வந்தா எல்லாம் உங்க பேச்சுதான்" என்று அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன்.

என் பையைப் பிரித்தது கிருஷ்ணவேணி. சட்டையை எடுத்து அதன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்பிடி உங்க பையில வந்துச்சி? மாத்திரை இதுலதான இருக்கும்?"

"மாத்திரை எங்க இருக்கும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"அப்ளிகேஷன் எழுதறப்ப ஒருதரம் நெஞ்சைப் புடிச்சிக்கினாரு. நான்தான் பாக்கெட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்."

அன்றைக்கு எல்லாம் சொன்னாள். டீச்சர் வேலைக்கு மனு போட்டிருக்கிறாள். படிவம் நிரப்ப, சான்றிதழ் நகலுக்குக் கையெழுத்து வாங்க அவர் உதவியிருக்கிறார். நான் தடுத்துவிடுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறாள். மார்ச்சில் வேலை உத்தரவு வந்தது, பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு. நானே வாங்கிப் படித்துப் பார்த்தேன். முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் அன்றே தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் உங்களுக்குப் புகார் எழுதியிருக்கிறாள்.

நான் அவரைக் கொன்றேன். தெரிந்தே, திட்டமிட்டு, சட்டையை எடுத்து வைத்துவிட்டுக் கொன்றேன். இதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சந்தேகத்தால் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்குச் சந்தேகப்படுகிற புத்தி கிடையாது. அவள் சொன்னது முழுவதையும் நம்புகிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். அதற்கு முன் அவள் எழுதிய தாளை ஒரு நிமிஷம் காட்டுங்கள், சார். அதில் அவரைத் தாண்டவராயன் என்று எழுதியிருக்கிறாளா, அண்ணன் என்று எழுதியிருக்கிறாளா, வெறும் 'அவர்' என்று எழுதியிருக்கிறாளா, அதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.