பாய் சாப்பிட வந்த ஞாயிறு

எண்ணூர் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னது காதில் விழுந்ததும், இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"அந்தப் பாய் மேல எனக்குப் பொறாமையா கீதுக்கா."

"யாரு, உன் வூட்டுக்காரரோட தோஸ்தா?"

"ஆமா. பத்து வருசமா வூட்ல குடிக்காதய்யான்னு கெஞ்சிகினு கீறேன். பாய் குடும்பத்தோட சாப்ட வராருன்னதும், இவரே பாட்டில எல்லாம் வெளிய போட்டாரு. பன்னிக்கறி ஆக்குன சட்டி ஆவாதுன்னு புதுச்சட்டி வாங்கியாந்தாரு. அன்னிக்குப் பூரா ஒரு சொட்டு தொடல."

"நல்லதுதானடி?"

"எனக்காக ஒரு நாள் இப்டி இருந்ததில்லையே."

தேரடி நிறுத்தம் தாண்டியதும், முன்சீட்டுப் பெண் தோழி பக்கம் சாய்ந்தாள்.

"அதான், பாயோட பொஞ்சாதி நம்பர வாங்கிகினேன். இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கெயமயும் அவங்கள சாப்டக் கூப்டப் போறேன்."

"பன்னிக்கறின்னா உனக்கு உசுராச்சே, அது?"

"போனாப் போவுதுக்கா."