சனியிலிருந்து வந்த பதில்

அன்னைக்கு நான் சொல்லாம விட்டதை முதல்ல சொல்லிடறேன். "இது வெறும் கதைதானே, விட்டுக்கொடு ஹெப்சிபா!" நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு... சொல்லலை. ஏன்னு கேட்கிறீங்களா? சின்னக் கதைதான், கேளுங்க.

அறிவியல் கதையில எவ்வளவு அறிவியல் வேணும், எவ்வளவு கற்பனை பண்ணலாம்னு இவ்வளவு நேரம் பேசினோம் இல்லையா? பாளையங்கோட்டையில, எங்க காலேஜ் ஹாஸ்டல்ல, இதுக்காகவே ஒரு சண்டை நடந்துச்சு. ஒரு ரூம், மூணு கட்டில், ஒரு ஃபேன். அந்த ஃபேன் சத்தம் இப்பவும் என் காதுல இருக்கு.

மூணாவது கட்டில் எனக்கு. ரிஸ்வானா தமிழ் இலக்கியம். ஹெப்சிபா இயற்பியல். நாடகப் போட்டிக்காக ரிஸ்வானா முதல் தடவையா ஒரு நாடகம் எழுதியிருந்தா. சனி கிரகத்துக்குப் போன மகள், பூமியில இருக்கிற அம்மாகிட்ட போன்ல பேசறா. அம்மா வேஷம் ஹெப்சிபாவுக்கு. மறுநாள் போட்டி. ஒத்திகை நடுவுல ஹெப்சிபா நின்னுட்டா.

"ஏட்டி, சனியில பேசினா இங்க வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். உன் மக என்ன, பக்கத்து ரூம்ல இருந்தா பேசுதா?"

"ஒரே நாள்ல சனிக்குக் கப்பல் விட்டிருக்கேன். அதை நம்புத, இதை நம்ப மாட்டியோ?"

"கப்பல் நீ செஞ்சது, சரி. ஒளியோட வேகமும் நீ செஞ்சதாட்டி?"

"அப்போ ஜனங்க ஒரு மணி நேரம் கொட்டாவி விடணுமா?"

"விடட்டும். நான் நடிக்கல. வேற அம்மாவைப் பாரு."

அம்மா வேஷத்துக்குப் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்ல வச்சுட்டா. விடிஞ்சா போட்டி... வேற அம்மாவுக்கு எங்கே போறது? ரிஸ்வானாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே கேட்டா.

"அம்மா 'சாப்டியா'ன்னு கேட்கா. பதில் எப்போ வரும்?"

"போக, வர... ரெண்டரை மணி நேரம்."

"அதுக்குள்ள... அம்மா தூங்கிருப்பால்லா?"

ஹெப்சிபா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டா.

மறுநாள் மேடை. "சாப்டியாம்மா?"ன்னு அம்மா கேட்டா. விளக்கு மங்குச்சு. காத்திருந்தா... காத்திருந்தா... மேஜையிலேயே தலை சாய்ஞ்சு தூங்கிட்டா. அப்போ வந்துச்சு மகளோட குரல்.

"சாப்டேன்மா. நீ?"

நண்பர்களே, அந்தக் கப்பல் சுத்தப் பொய். அது எப்படி ஓடுச்சுன்னு யாராவது கேட்டாங்களா? கேட்கலை. எழுதறவங்க அப்படி ஒரு பொய்யைத் தாராளமா சொல்லிக்கலாம். ஆனா சொன்ன பிறகு, தூரம்னா தூரம்தான். அதை ஹெப்சிபா விட்டுக்கொடுத்திருந்தா, அந்த அம்மா தூங்கியிருக்க மாட்டா. கதைக்குக் குறுக்கே அறிவியல் நிக்குதுன்னு தோணுற இடத்துல, அவசரப்பட்டு அதைத் தள்ளிவிடாதீங்க. கொஞ்சம் நின்னு பாருங்க.

பரிசு வேற காலேஜுக்குப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம், செல்போன் அனுமதிக்காத எங்க ஹாஸ்டல்ல இருந்த ஒரே காயின் போன் முன்னாடி, சாப்பாட்டு மணி அடிச்சும், நாடகம் பார்த்துட்டு வந்து வீட்டுக்குப் பேச நின்ன வரிசை கலையலை.