மீட்டர் மேல் மாதா

முட்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். காக்கிச் சட்டை போட்டவர் ஆட்டோ ஓட்டுகிறவர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மெக்கானிக். மெக்கானிக்கின் மடியில், சாக்கில் சுற்றிய ஆட்டோ இன்ஜின் சிலிண்டர். லேத்துக்குக் கொண்டுபோகிறார்கள் போல.

“மாதாவக் கிழிக்கச் சொல்லுதியா? நாக்கு அழுகிப் போவும்!” என்று காக்கிச் சட்டைக்காரர் கத்தியதில்தான் எனக்கு விழிப்பு வந்தது.

“கிழிக்கச் சொல்லல்ல மக்கா, மாத்தி ஒட்டச் சொன்னேன். ஆயில் எவ்வளவு சூடாவுதுன்னு பாக்கணும், தனியா ஒரு மீட்டரு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது ஆரு? நானும் கடை கடையா அலைஞ்சு வாங்கி மாட்டித் தந்தேன். மறுநாளே அதுக்க மேல படத்த ஒட்டியிருக்க!”

“வண்டியில புதுசா ஒண்ணு மாட்டினா, சாமியார்ட்ட மந்திரிச்சுப் படம் ஒட்டாண்டாமா?”

“ஒட்டு. முள்ளு மேலயா ஒட்டுவ? முள்ளு செவப்புல போய் நிக்குவு, உனக்கு மாதாவுக்க மொகந்தான் தெரியுவு. இன்ஜின் பிடிச்சு வண்டி ரோட்டுல நின்ன பொறவு எனக்க மேல பாயுதியா?”

“பின்ன? இத்துனூண்டு மீட்டர மாட்டினது நீதானே! படத்துக்கும் முள்ளுக்கும் எடம் இருக்காண்டாமா?”

மெக்கானிக் சிலிண்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

“பெட்ரோல் முள்ளு மேல ஆரு?”

“அந்தோணியாரு. அவரையும் மாத்தணுமோ?”